மருந்தின் அளவும் சராசரி மனிதனும்

நோய்கொண்டவனது நிலை, நோயின் வலிமை, மருந்து கொடுக்கும் வேளை ஆகிய மூன்றையும் சீர்தூக்கிய பின்னரே வைத்தியன் செயற்படல்வேண்டும் என்பது திருக்குறளின் மருந்ததிகாரம் வகுக்கும் நெறி. இந்நெறியை மறுப்பார் எந்நாட்டு மருத்துவத்திலும் இலர். ஆயின், நோயாளியின் நிலையை எண்ணால் அளந்து, அவ்வெண்ணிலிருந்து அவனுக்குரிய மருந்தின் அளவை வருவிக்கும் வழி இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை எவர்க்கும் கைகூடவில்லை. திடகாத்திரமான இளைஞனுக்கும் சிறுநீரகம் தளர்ந்த முதியவளுக்கும் ஒரே மாத்திரை ஒரே அளவில் வழங்கப்பட்டது. குழந்தைக்கு அதிற் பாதியோ காற்பங்கோ கொடுக்கப்பட்டது. சராசரி மனிதன் என ஒருவனைக் கற்பித்து, அவனுக்குப் பொருந்தியதை எல்லார்க்கும் பொருத்தியமையால், அச்சராசரிக்கு அப்பால் நின்ற சிசுக்களும் முதியோரும் உறுப்பு நலிந்தோரும் இன்னலுற்றனர், சிலர் உயிரிழந்தனர். அந்நிலை மாறிய வரலாறு, மருத்துவமும் கணிதமும் கைகோத்த வரலாறாகும்.

நஞ்சும் மருந்தும்

பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த பராசெல்சஸ் என்னும் சுவிற்சர்லாந்து வைத்தியர், ஒரு பொருள் நஞ்சாவதும் ஆகாமையும் அதன் அளவைப் பொறுத்ததே என்னும் கருத்தை வலியுறுத்தினார். அளவே யாவும் என அவர் உணர்த்தினாரேனும், அவ்வளவைக் காணும் முறையைக் கூறினாரல்லர்.

1785ஆம் ஆண்டில் இங்கிலாந்து வைத்தியரான வில்லியம் விதறிங், டிஜிற்றாலிஸ் எனப்படும் மூலிகையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். உடல் வீங்கிய நோயாளருக்கு அதன் இலைகளைத் தாம் கொடுத்தபொழுது கண்ட நன்மை தீமைகளை ஒளிவுமறைவின்றி அதிற் பதிவு செய்தார். இம்மருந்தில் நன்மை செய்யும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடைவெளி மிகச் சிறிது. ஆதலின், சிறுநீர் பெருகுதல், குமட்டல், நாடி தளர்தல், வயிற்றோட்டம் ஆகிய குறிகளுள் ஒன்று தோன்றும்வரை கொடுத்து, தோன்றியதும் நிறுத்துக என அவர் விதித்தார். நோயாளியின் உடலையே அளவுகோலாகக் கொண்ட முறை இது. அளவு மிஞ்சியதை அறிவிக்கும் குறி, மிஞ்சிய பின்னரே தோன்றும் என்பது இதன் குறை.

1930ஆம் ஆண்டில் சிட்னி ஸ்மித் என்பார் இவ்வினத் தாவரமொன்றிலிருந்து டிஜொக்சின் என்னும் தூய பொருளைப் பிரித்தெடுத்தார். இலைக்கு இலை மாறும் வீரியம் என்னும் இடர்ப்பாடு அதனால் நீங்கிற்று. மருந்து நிறுத்தற்குரியதாயிற்று, ஆயின் மனிதன் ஆளுக்காள் மாறுபவனாகவே இருந்தான்.

குழந்தைகளுக்கோ விதிகள் சில வழங்கின. வயதை, வயதோடு பன்னிரண்டைக் கூட்டிய தொகையால் வகுத்துப் பெரியோரின் அளவோடு பெருக்குவது யங் விதி. இதன்படி நான்கு வயதுக் குழந்தைக்கு உரியது காற்பங்கு. நிறையை இறாத்தலிற் கண்டு நூற்றைம்பதால் வகுப்பது கிளாக் விதி. இரண்டும் மனக்கணக்குக்கு எளியன. குழந்தையைச் சிறிய அளவிலமைந்த பெரியவனாகக் கருதியமையே இரண்டினதும் பிழையாகும்.

உடலைப் பாத்திரமாகக் கண்டமை

உடலுட் புகுந்த மருந்து எங்குச் செல்கின்றது, எவ்வளவு விரைவில் நீங்குகின்றது என்னும் வினாக்களைச் சமன்பாடுகளாக்கும் முயற்சி சுவீடனிற் சிறந்து விளங்கியது. லுண்ட் நகரில் விட்மாக் என்பார் மதுசாரம் குருதியிலிருந்து நீங்கும் வீதத்தை ஆராய்ந்தார். 1937ஆம் ஆண்டில் உப்சாலாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த தியொரெல் இரு கட்டுரைகளை வெளியிட்டார். குருதி, இழையங்கள் முதலியவற்றை ஒன்றோடொன்று குழாயால் இணைந்த பாத்திரங்கள்போலக் கருதி, ஒவ்வொன்றிலும் மருந்து ஏறி இறங்குவதை வகையீட்டுச் சமன்பாடுகளால் அவர் விளக்கினார். அக்காலத்தில் அவற்றைப் பொருட்படுத்தினார் சிலரே. 1953ஆம் ஆண்டில் யேர்மன் குழந்தை வைத்தியரான டொஸ்ற், குருதியில் மருந்தின் மட்டம் பற்றி ஒரு நூல் எழுதி, இத்துறைக்கு மருந்தியக்கவியல் எனப் பொருள்படும் பெயரையும் சூட்டினார். குழந்தைகளுக்கு மருந்து கொடுப்பவர் ஒருவரே இத்துறைக்குப் பெயரிட்டமை நினைவுகூரத்தக்கது.

இக்கணிதத்தின் உட்கருத்தை எளிய உதாரணமொன்றாற் காட்டலாம். ஒருவனது உடல் தன்னுள் இருக்கும் மருந்திற் பாதியை ஒவ்வொரு நாளும் அகற்றுகின்றது எனக் கொள்க. நாடோறும் 100 மில்லிகிராம் கொடுத்தால், மருந்து உட்கொண்டவுடன் உடலில் இருக்கும் தொகை முதல்நாள் 100, இரண்டாம்நாள் 150, மூன்றாம்நாள் 175 என ஏறி 200ஐ அணுகும், அதற்குமேற் செல்லாது. இஃது ஒரு பெருக்கல் விருத்தியின் கூட்டுத்தொகையேயாம். இனி, சிறுநீரகம் நலிந்த வேறொருவனது உடல் நாளொன்றுக்குக் காற்பங்கை மட்டுமே அகற்றுகின்றது எனக் கொள்க. அதே மாத்திரை அவனுடலில் 400ஐ நோக்கி ஏறும். முதல்நாளில் இருவர்க்கும் ஒரு வேறுபாடுமில்லை. இரண்டாவது வாரத்தில் ஒருவன் குணமடைய மற்றவன் நஞ்சுண்டவனாவான். டிஜொக்சினின் தன்மையும் இத்தகையதே. உடலில் உள்ளது பாதியாகக் குறைவதற்கு நலமுள்ள சிறுநீரகமுடையாரில் ஒன்றரை முதல் இரண்டு நாட்கள் செல்லும். சிறுநீரகம் செயலற்றோரில் நான்கைந்து நாட்கள் செல்லும்.

போர்க்காலப் படிப்பினை

கணிதத்தின் பயனை உலகுக்கு முதன்முதல் உணர்த்தியது மலேரியாவாகும். 1934–35ஆம் ஆண்டுகளில் இலங்கையில் ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கவர்ந்த அக்கொள்ளைநோயின்போது கொயினாவே முதன்மையான மருந்தாக இருந்தது. அக்கொயினாவைத் தரும் சிங்கோனாப் பட்டையின் மிகப் பெரும்பகுதி யாவாத் தீவிலிருந்தே உலகுக்குக் கிடைத்தது. 1942ஆம் ஆண்டில் யப்பானியர் யாவாவைக் கைப்பற்றவே, நேச நாடுகளின் படைகள் மருந்தின்றித் தவித்தன. மாற்றாகக் கையிலிருந்தது யேர்மனியிற் கண்டுபிடிக்கப்பட்ட அற்றபிரின் என்னும் மஞ்சள்நிற மருந்து. அது சிலவேளை பலனளிக்க நெடுநாள் சென்றது. சிலரிற் குமட்டலையும் வயிற்று நோவையும் விளைத்தது. போர்வீரர் அதை வெறுத்தனர்.

நியூ யோர்க் நகரின் கோல்ட்வோட்டர் வைத்தியசாலையில் ஜேம்ஸ் ஷனன் தலைமையில் ஓர் ஆய்வுக்குழு இதனை ஆராய்ந்தது. குருதியில் அற்றபிரினை நுணுக்கமாக அளக்கும் முறையைப் புரோடியும் யூடன்பிரென்டும் 1943ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவ்வளவீடுகள் உண்மையைப் புலப்படுத்தின. உட்கொண்ட மருந்தின் பெரும்பகுதி ஈரல் முதலிய இழையங்களிற் சென்று தங்கிவிட, குருதியில் எஞ்சுவது சிறிதாகவே இருந்தது. எனவே நாடோறும் சிறிது சிறிதாகக் கொடுத்தால் குருதியின் மட்டம் தக்க அளவை எட்டப் பல நாட்களாகும். தொடக்கத்தில் பெருமளவு கொடுத்து இழையங்களை நிரப்பி, பின்னர் இழப்பை ஈடுசெய்யுமளவு சிறிது கொடுத்துவருதலே தக்க வழி என 1944ஆம் ஆண்டில் அக்குழுவினர் வெளியிட்டனர். மருந்து மாறவில்லை, கொடுக்கும் முறை மட்டுமே மாறியது. அவுஸ்திரேலியாவின் கெயின்ஸ் நகரில் பெயர்லி நடத்திய ஆய்வுகளும் நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் ஒழுங்காக உட்கொள்வோரை மலேரியா வீழ்த்தாது என நிறுவின.

எனினும், படைவீரர் ஏறக்குறைய ஒரே வயதினர், ஒரே வலுவினர், பெரும்பாலும் ஆண்கள். அவர்களிற் கண்ட உண்மை எல்லார்க்கும் பொருந்துமா என்னும் வினா அப்பொழுது எழவில்லை.

சாம்பல்நிறச் சிசுக்கள்

அவ்வினாவுக்கு விடை துயரமான முறையிற் கிடைத்தது. 1947ஆம் ஆண்டிற் கண்டுபிடிக்கப்பட்ட குளோரம்பெனிக்கோல் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி நெருப்புக்காய்ச்சலுக்கு அருமருந்தாய்ப் போற்றப்பட்டது. குறைமாதத்திற் பிறந்த சிசுக்களை நோய்த்தொற்று அணுகாதிருக்கும் பொருட்டு அமெரிக்க வைத்தியசாலைகளில் அதனைக் கொடுத்துவந்தனர். சில நாட்களில் அச்சிசுக்களின் வயிறு ஊதிற்று, பாலுண்ண மறுத்தன, மேனி சாம்பல்நிறமாயிற்று, பல இறந்தன. 1959ஆம் ஆண்டில் லொஸ் ஏஞ்சலிஸ் நகர வைத்தியர்கள் வெளியிட்ட ஒப்பீடு மருத்துவ உலகைத் திடுக்கிடச் செய்தது. மருந்து பெறாத சிசுக்களைவிட மருந்து பெற்ற சிசுக்களே மிகுதியாக இறந்திருந்தன.

அடுத்த ஆண்டிற் காரணம் விளங்கியது. குளோரம்பெனிக்கோலை மாற்றி வெளியேற்றும் திறன் ஈரலில் முதிர்ச்சியடையப் பிறந்தபின் சில வாரங்கள் செல்லும், சிறுநீரகமும் அவ்வாறே. பெரியோரிற் சில மணிநேரத்திற் பாதியாகும் மருந்து, பிறந்து ஓரிரு நாட்களேயான சிசுவிற் பாதியாக ஒரு முழுநாளளவு செல்லும். நாடோறும் சேர்ந்து சேர்ந்து அது நஞ்சாயிற்று. மேலே காட்டிய பெருக்கல் விருத்தி பிஞ்சுடலில் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. அதனைக் கணக்கிட்டார் ஒருவருமிலர். பிற்காலத்தில் சிசுக்களுக்குரிய அளவு நிறையொரு கிலோகிராமுக்கு நாளொன்றுக்கு 25 மில்லிகிராம் என்னும் எல்லைக்குள் அடக்கப்பட்டது.

பலரிடத்துச் சிறிது சிறிதாக

சிசுக்களிலும் முதியோரிலும் மருந்தின் போக்கை ஆராயவேண்டும் என்பது தெளிவாயிற்று. ஆனால் எவ்வாறு ஆராய்வது? அக்கால முறைப்படி நலமுள்ள பத்துப் பன்னிரண்டு இளைஞரை வருவித்து, ஒவ்வொருவரிடத்தும் பத்துப் பதினைந்து முறை குருதி எடுத்து, வளைகோடு வரைவர். குறைமாதச் சிசுவிடம் அத்துணை குருதி எடுத்தல் அதன் உயிருக்கே ஆபத்தாகும். ஆகவே மருந்து எவர்க்கு மிகவும் தேவைப்பட்டதோ, அவரே ஆராய்ச்சிக்குப் புறம்பாய் நின்றனர்.

இம்முட்டுப்பாட்டை நீக்கும் வழி டிஜொக்சினின் வாயிலாகவே பிறந்தது. 1967ஆம் ஆண்டில் ரோஜர் ஜெலிவ் என்பார், சிறுநீரகத்தின் நிலைக்கேற்ப டிஜிற்றாலிஸ் வகை மருந்துகளின் அளவைக் கணிக்கும் கணித ஆய்வொன்றை வெளியிட்டார். 1969ஆம் ஆண்டில் குருதியிலுள்ள டிஜொக்சினை அளக்கும் நுட்பமொன்று அறிவிக்கப்பட்டது. அதன்பின் வைத்தியசாலைகளில் நோயாளரிடத்து அவ்வப்போது ஓரிருமுறை எடுக்கப்பட்ட அளவீடுகள் குவியலாயின. ஒரு நோயாளியிடம் ஒன்று, வேறொருவரிடம் மூன்று, வெவ்வேறு வேளைகள், வெவ்வேறு அளவுகள் என அவை ஒழுங்கற்றுக் கிடந்தன. ஆராய்ச்சியாளர் பலர் அவற்றைப் பயனற்றவை எனத் தள்ளினர்.

கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில் லூயிஸ் ஷைனர் என்னும் வைத்தியர் அவற்றைத் தள்ளவில்லை. அவரும் அவரது கூட்டாளிகளும் 1972ஆம் ஆண்டிற் கணனியின் துணைகொண்டு தனியொருவர்க்குரிய அளவைக் காணும் முறையை விவரித்தனர். 1977ஆம் ஆண்டில் அன்றாட வைத்தியசாலைத் தரவுகளிலிருந்தே மக்கட்கூட்டமொன்றின் இயல்புகளை மதிப்பிடலாம் என நிறுவினர். புள்ளிவிபரவியலாளரான ஸ்ருவாட் பீலுடன் சேர்ந்து ஷைனர் ஆக்கிய நொன்மெம் என்னும் கணனிநிரல் 1980ஆம் ஆண்டில் அறிமுகமாயிற்று. இவ்வகை ஆய்வே குடித்தொகை மாதிரியுரு எனப்படுவது.

இதன் தத்துவத்தைக் கல்லூரி வகுப்பொன்றோடு ஒப்பிட்டு உணரலாம். நூறு மாணவர் உளர். ஒவ்வொருவரும் இரண்டு வினாத்தாள்களே எழுதினர். எல்லாரும் ஒரே தாள்களை எழுதவுமில்லை. ஒரு மாணவனின் இரு புள்ளிகளை மட்டும் கொண்டு அவனது ஆற்றலை உறுதியாகக் கூறவியலாது. ஆயின் நூற்றுவரின் புள்ளிகளையும் ஒருங்கே நோக்கினால், எத்தாள் கடினம், வகுப்பின் பொதுநிலை யாது, மாணவர்க்கிடையே வேற்றுமை எத்துணை, ஒரே மாணவனிடத்து நாளுக்குநாள் ஏற்படும் ஏற்றத்தாழ்வு எத்துணை என்பவற்றைப் பிரித்தறியலாம். பிரித்தறிந்தபின் அவ்விரு புள்ளிகளே தனி மாணவனைப்பற்றியும் தக்க மதிப்பைத் தரும். மருந்தாய்விலும் அவ்வாறே. வயது, நிறை, சிறுநீரகத்தின் திறன் ஆகியவற்றால் விளங்கும் வேற்றுமை ஒன்று. அவற்றால் விளங்காது ஆளுக்காள் எஞ்சும் வேற்றுமை மற்றொன்று. அளவீட்டுப் பிழையும் ஒருவனிடத்தே நேரும் ஏற்றத்தாழ்வும் மூன்றாவது. இம்மூன்றையும் ஒரே சமன்பாட்டில் வெவ்வேறாக நிறுத்தியமையே இம்முறையின் சிறப்பு. முன்னாளில் வேற்றுமை என்பது ஆராய்ச்சியைக் கெடுக்கும் தொல்லையாகக் கருதப்பட்டது. இப்பொழுது அதுவே ஆராயப்படும் பொருளாயிற்று.

கூட்டத்திலிருந்து தனியாளுக்கு மீளும் வழியைத் தந்தது தோமஸ் பேயிஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியாரின் தேற்றம். அவர் இறந்தபின் 1763ஆம் ஆண்டில் வெளிவந்த அத்தேற்றம், முன்னறிவைப் புதிய சான்றோடு இணைத்து நிகழ்தகவைத் திருத்தும் முறையைக் கூறுவது. கூட்டத்தைப்பற்றிய மாதிரியுரு முன்னறிவு. நோயாளியிடம் எடுத்த ஒரேயொரு குருதிப் பரிசோதனை புதிய சான்று. இரண்டையும் இணைத்து அந்நோயாளியின் அடுத்த வேளைக்குரிய அளவை வைத்தியர் திருத்திக்கொள்ளலாம். விதறிங் நஞ்சின் குறிக்காகக் காத்திருந்தார். இம்முறை அக்குறி தோன்றுமுன் எச்சரிக்கின்றது. 1999ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் இவ்வகை ஆய்வுக்கான வழிகாட்டியை வெளியிட்டமை, இம்முறை ஏற்புடைமை பெற்றதற்குச் சான்றாகும்.

குழந்தை சிறிய பெரியவனல்லன்

குழந்தைக்குரிய அளவு பற்றிய பழைய விதிகளின் பிழையும் இதனால் வெளிப்பட்டது. 1932ஆம் ஆண்டில் மக்ஸ் கிளைபர், விலங்குகளின் அனுசேப வீதம் நிறையின் முக்கால் அடுக்குக்கு ஏறக்குறைய விகிதசமமாகும் எனக் காட்டினார். உடல் மருந்தை அகற்றும் திறனும் பெரும்பாலும் இவ்வாறே நிறையோடு மாறுகின்றது. 70 கிலோகிராம் நிறையுள்ள பெரியவனோடு 10 கிலோகிராம் குழந்தையை ஒப்பிட்டால், நிறை ஏழிலொன்று, அஃதாவது நூற்றுக்கு 14. அகற்றும் திறனோ நூற்றுக்கு 23. ஆகவே நிறையை மட்டும் நோக்கி அளவைக் குறைத்தால் அக்குழந்தைக்கு மருந்து போதாது. பிறந்த சிசுவிலோ உறுப்புக்கள் முதிராமையால் நிறைக்கேற்ற அளவே மிகையாகும். ஒரே விதி சிசுவுக்கு மிகையாகவும் தவழும் குழந்தைக்குக் குறையாகவும் முடிந்தது.

மலேரியாவே மீண்டும் இதற்குச் சான்று பகர்ந்தது. ஆபிரிக்கக் குழந்தைகளிலும் பிறரிலும் சிறிது சிறிதாகத் திரட்டிய அளவீடுகளைக் குடித்தொகை மாதிரியுருக்களால் ஆராய்ந்தபோது, நிறைக்கேற்பப் பெரியோரைப்போன்றே மருந்து பெற்ற சிறு குழந்தைகளின் குருதியில் மருந்து குறைவாகவே இருந்தமை புலனாயிற்று. 2015ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் தன் விதிகளைத் திருத்தியது. கடும் மலேரியாவுக்குரிய ஆட்டெசுனேற்று ஊசிமருந்தின் அளவு, 20 கிலோகிராமுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கிலோகிராமுக்கு 2.4 மில்லிகிராமிலிருந்து 3 ஆக உயர்த்தப்பட்டது. பைப்பரகுவின் என்னும் மருந்தின் நாளொன்றுக்குரிய இலக்கு, 25 கிலோகிராமுக்குக் குறைந்தோருக்கு 18இலிருந்து 24 ஆக உயர்ந்தது. குறைந்த அளவு பெற்ற குழந்தைக்கு நோய் மீள்வது ஒரு தீங்கு. எஞ்சிய கிருமிகள் மருந்தை எதிர்க்கப் பழகுவது ஊருக்கே தீங்கு.

எனினும் கணிதத்தை அளவுக்கு மீறி நம்புதலும் தகாது. மாதிரியுரு தன்னுள் எண்ணப்பட்டோரைப்பற்றியே பேசவல்லது. சிறுநீரகத்தின் திறனைக் கணிக்க உலகெங்கும் வழங்கிய கொக்குரொவ்ற்–கோல்ற் சூத்திரம் 1976ஆம் ஆண்டில் 249 ஆண்களின் தரவுகளிலிருந்து பெறப்பட்டது. பெண்களுக்கு நூற்றுக்குப் பதினைந்து குறைத்துக்கொள்க என்பதே அவர்களுக்குக் கிடைத்த இடம். கருவுற்ற தாய்மாரும் ஊட்டமின்றி மெலிந்த குழந்தைகளும் ஆய்வுகளில் இடம்பெறுவது இன்றும் அரிதாகவே உள்ளது. எண்ணப்படாதோர்க்கு எச்சமன்பாடும் துணைநிற்பதில்லை.

சராசரி மனிதன் எந்தத் தாயின் வயிற்றிலும் பிறந்தவனல்லன். கணக்கின் வசதிக்காகக் கற்பிக்கப்பட்டவன். அவனுக்கு அளந்த மருந்தை உயிருள்ள மாந்தர் உண்டமையால் நேர்ந்த தீங்குகளை 1959ஆம் ஆண்டின் சாம்பல்நிறச் சிசுக்கள் உலகுக்கு உணர்த்தின. அத்தீங்கைக் களையத் துணைநின்றவை கரும்பலகையில் மாணவர் எழுதிப் பயிலும் பெருக்கல் விருத்தியும், அடுக்கும், நிகழ்தகவுமேயாம். நோயாளியின் நிலையறிந்து மருந்தளிக்க வேண்டும் என்று வள்ளுவர் வகுத்த நெறியை ஒவ்வொருவர்க்கும் செயலாக்கும் பணி இன்னும் முற்றுப்பெறவில்லை. அப்பணிக்கு வைத்தியனின் கனிவு எத்துணை வேண்டுமோ, கணிதன் பிழையின்றிக் கணிப்பதும் அத்துணை வேண்டும்.